உள்ளீட்டு வெளியீட்டுச் சுமை மிகுந்த வழங்கிகளை மெய்நிகராக்குதல்

மெய்நிகராக்கம் என்பது ஒரே வன்பொருள் வழங்கியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் முறையாகும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை அவற்றுக்குப் பங்கிட்டுத் தரும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். கேவிஎம், ஹைப்பர்-வி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். தரவுத்தளம், மின்னஞ்சல் போன்று வட்டில் ஓயாமல் படித்து எழுதும் வழங்கிகளை இம்முறைக்கு மாற்றும்போது, முதலில் கணக்கிட வேண்டியது வட்டின் வேகம்.

வட்டில் ஏற்படும் நெரிசல்

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. தேவையான தரவு முனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லிநொடி ஆகும். முனை நகர மேலும் சுமார் 8 மில்லிநொடி ஆகும். எனவே சிதறிக் கிடக்கும் தரவை நொடிக்கு ஏறத்தாழ 80 முறைதான் எடுக்க இயலும்.

ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன் கோப்பை வரிசையாகப் படித்தாலும், பல கணினிகளின் வேண்டுகோள்கள் ஒரே வட்டை அடையும்போது வரிசை கலைந்துவிடுகிறது. பத்து மாணவர்கள் பத்து நூல்களை ஒரே நூலகரிடம் பக்கம் பக்கமாக மாறி மாறிக் கேட்டால், அவர் அலமாரிகளுக்கிடையே ஓடியே களைத்துப் போவார். வட்டின் நிலையும் அதுவே.

கணக்கிடும் முறை

10 மெய்நிகர் கணினிகள், ஒவ்வொன்றும் உச்ச நேரத்தில் நொடிக்கு 100 வேண்டுகோள்கள் அனுப்புவதாகக் கொள்வோம். மொத்தம் 1000. இவற்றில் படிப்பவை 700, எழுதுபவை 300.

ரெய்டு 5 அமைப்பில் சிறிய எழுத்து ஒன்றுக்கு 4 வட்டுச் செயல்கள் தேவை: பழைய தரவையும் பழைய சமநிலைத் தரவையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ரெய்டு 10 அமைப்பில் இரண்டு வட்டுகளில் எழுதுவதால் 2 செயல்கள் போதும்.

ரெய்டு 5: 700 + (300 × 4) = 1900; சுமார் 24 வட்டுகள்.
ரெய்டு 10: 700 + (300 × 2) = 1300; 17 வட்டுகள், இணைகளாக அமைப்பதால் 18.

கொள்ளளவை மட்டும் பார்த்து நான்கு பெரிய வட்டுகள் வாங்கினால், இடம் மீதமிருக்கும்போதே தரவுத்தளம் தேங்கிவிடும். திண்மநிலை வட்டில் சுழலும் பகுதி இல்லாததால், ஒன்றே நொடிக்குப் பல்லாயிரம் செயல்களைச் செய்யும்.

திட்டமிடலில் கவனிக்க வேண்டியவை

- நாள் சராசரியை நம்பாமல், மாத இறுதி உட்பட உச்ச நேரங்களில் பழைய வழங்கியை அளக்க வேண்டும்.
- காப்புநகல் எடுத்தலும் வைரஸ் சோதனையும் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் தொடங்காதபடி நேரம் பிரிக்க வேண்டும்.
- தரவுத்தளத்திற்குத் தனி வட்டுத் தொகுதி ஒதுக்குவது நல்லது.
- தரவு வட்டை அடையுமுன்பே "எழுதியாயிற்று" எனத் தெரிவிக்கும் இடைமாற்று அமைப்பைத் தவிர்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் அந்தத் தரவு அழிந்துபோகும். மின்கலப் பாதுகாப்புள்ள இடைமாற்று நினைவகம் இதற்கு விலக்கு.
- மாற்றுவதற்கு முன், அளந்த உச்சச் சுமையைப் புதிய அமைப்பில் கொடுத்து, மறுமொழி நேரத்தைச் சோதிக்க வேண்டும்.

சோதனையில் மறுமொழி தாமதமானால், அந்த வழங்கியைத் தனி வன்பொருளிலேயே விட்டுவைத்து மற்றவற்றை மட்டும் மெய்நிகராக்கலாம்.