பக்கத்து நிரையில் ஓர் ஆள்



பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறோம். விடுதி, நூல்நிலையம், நண்பர்கள் என ஒரு புது உலகம் அவர்களுக்குக் கிடைக்கும் என்று மகிழ்கிறோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்போது அந்த வகுப்புகள் நம் வீட்டுக்கே வந்துவிட்டன. ஆணை நீங்கிய பின்னும் இயங்கலைப் படிப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதன்று. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே அதற்கு வழி செய்தது. இயங்கலையில் இன்னொரு வசதியும் உண்டு. பதிவு செய்த விரிவுரையை நிறுத்தி நிறுத்தி, வேண்டியமட்டும் திரும்பக் கேட்கலாம். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்ன பாடத்தைப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு இது பேருதவி.

குறைகளும் உண்டு. 2020இல் சபா மாநில மாணவி ஒருவர், இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் தங்கித் தேர்வு எழுதியதை நாடே அறியும். அந்தக் குறை வெளியே தெரிந்தது. வெளியே தெரியாத குறை ஒன்றும் இருக்கிறது.

வகுப்பறையில் பாடம் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். மாணவரின் முகத்தைப் பார்த்தே விரிவுரையாளரும் அறிந்துகொள்வார். திரையிலோ படக்கருவியை அணைத்துவிட்டால் பெயர் மட்டுமே தெரியும். பின்தங்கும் பிள்ளை, 'எனக்கு மட்டும்தான் புரியவில்லை' என்று எண்ணி மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனம் படிப்பையே கைவிடும் அளவுக்கும் போகலாம்.

இருட்டோடு மரம் வெட்டப் போகும் நமக்கு, பக்கத்து நிரையில் ஆள் இருப்பதே ஒரு தைரியம் அல்லவா? படிக்கும் பிள்ளைக்கும் அந்தத் தைரியம் வேண்டும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை நான்கு. வகுப்பு நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாமல், வானொலியின் சத்தத்தையும் குறைத்து வைப்போம். "படித்தாயா?" என்பதோடு நிறுத்தாமல், "இந்த வாரம் யாரோடு சேர்ந்து படித்தாய்?" என்றும் கேட்போம். மூன்று நான்கு நண்பர்கள் வாரம் ஒருமுறை நேரிலோ தொலைபேசியிலோ கூடிப் படிக்க ஊக்கம் தருவோம். சந்தேகம் வந்தால் விரிவுரையாளருக்கு எழுதிக் கேட்பதில் வெட்கம் இல்லை என்றும் சொல்வோம்.

பாடத்தை நம்மால் சொல்லிக்கொடுக்க முடியாமல் இருக்கலாம். பிள்ளை தனியாக இல்லை என்பதை நம்மால் உணர்த்த முடியும்.