இளைஞரும் செயற்கை நுண்ணறிவும்

ஒரு கருவி உலகிற் புதிதாகத் தோன்றுங்கால், அதனைக் கொண்டாடுவோர் ஒருபுறமும் அதற்கு அஞ்சுவோர் மற்றொருபுறமுமாக மக்கள் இரு கூறுபடுதல் இயல்பு. அச்சுப்பொறி தோன்றிய காலத்தும் இவ்வாறே நிகழ்ந்தது. இந்நாளில் அந்நிலையை எய்தியிருப்பது செயற்கை நுண்ணறிவு. 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ம் நாள் அமெரிக்க நாட்டு ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் உரையாடுங் கருவியைப் பொதுமக்கட்கு வழங்கியது. அதுமுதல், வினாவிற்கு விடையும், வேண்டிய பொருளிற் கட்டுரையும், நெடிய நூலுக்குச் சுருக்கமும் மாணாக்கர் கைப்பேசியிலேயே நொடிப்பொழுதிற் கிடைக்கலாயின. இதனைக் கல்விக்கூடங்களினின்று அறவே விலக்குக என்பார் சிலர். கட்டின்றி வழங்குக என்பார் வேறு சிலர். இவ்விரண்டுமன்றி, இளைஞர்க்கு இதனை அறத்தொடு பொருந்தவும் பொறுப்புடனும் கையாளக் கற்பித்தலே தக்க வழியென்பதும், அக்கல்வி வெறும் விலக்குகளின் தொகுதியாக அமையாது கருவியின் உள்ளியல்பை உணர்த்துவதாக அமைதல் வேண்டுமென்பதுமே ஈண்டு நாம் விளக்கப் புகும் பொருள்.

முதற்கண் இக்கருவியின் இயல்பை ஆராய்வாம். 'செயற்கை நுண்ணறிவு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை, 1955-ம் ஆண்டில் ஜான் மெக்கார்த்தி முதலிய அறிஞர் நால்வர் ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தின்பொருட்டு வரைந்த திட்டத்தில் வழங்கினர். அக்கூட்டம் 1956-ம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள டார்ட்மத் கல்லூரியில் நடைபெற்றது. அன்றுதொட்டு இத்துறை பல கிளைகளாக விரிந்துளது. அவற்றுள் மாணாக்கர் இன்று பெரிதுங் கையாள்வது மொழிமாதிரி எனப்படும் வகை. நூல்களிலும் இணையத்திலுமுள்ள அளவிறந்த உரைகளைக் கொண்டு, ஒரு சொற்கூற்றின் பின்னர் எச்சொற்கூறு வருதற்கு எத்துணை வாய்ப்புளது என்பதைக் கணித்துப் பயில்வது அது. 'கனமழை பெய்தமையால் ஆற்றில்' என்று நாம் தொடங்கின், 'வெள்ளம்' என்பது அடுத்து வருதல் இயல்பு. 'விளக்கு' என்பது வருதல் அரிது. இத்தகைய கணக்கை எண்ணிறந்த முறை செய்து பெற்ற திறத்தாலேயே அது தொடர்களை யாத்து நமக்கு விடையிறுக்கின்றது. மக்கள் மேலும் பயிற்றித் திருத்துதலால் அவ்விடை ஒழுங்குபெறும். இணையத்தைத் தேடி விடை கூறுங் கருவிகளும் உள. ஆயினும், அடுத்து வரத்தக்கது யாது என்பதே அதன் அடிப்படை வினா. மெய்யாவது யாது என்பதன்று. இவ்வேறுபாட்டை உணராதார் அதன் சொல்வன்மையைக் கண்டு, அதனைப் பிழையா அறிவென மயங்குவர்.

இம்மயக்கத்தால் விளையுங் கேட்டிற்கு நியூயார்க் நகர நீதிமன்ற நிகழ்ச்சியொன்று தக்க சான்றாகும். வானூர்தி நிறுவனம் ஒன்றன்மேல் தொடுக்கப்பெற்ற வழக்கில் வாதிட்ட வழக்கறிஞர், தம் கட்சிக்கு ஆதரவாக முன்னைத் தீர்ப்புகள் சிலவற்றை எடுத்துக்காட்டினர். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் எந்நீதிமன்றத்தும் வழங்கப்படாதவை, சாட்ஜிபிடி புனைந்தவை. அவை மெய்யோ என்று அக்கருவியையே வினவியபோது, அது மெய்யென்றே கூறிற்று. 2023-ம் ஆண்டு ஜூன் 22-ம் நாள் நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். இத்தகைய கருவியைத் துணைக்கொள்ளுதல் தவறன்று. ஆனால் தாம் அளிக்கும் பத்திரத்தின் மெய்ம்மைக்குக் காவலர் வழக்கறிஞரே என்பது அத்தீர்ப்பின் சாரம். இவ்வுண்மை மாணாக்கர்க்கும் ஒக்கும். பழம்பாடலொன்றன் ஆசிரியரையும் நூலையும் கருவியிடம் வினவி, அது கூறியதை அவ்வாறே கட்டுரையில் வரைந்து கையொப்பமிடுவோமாயின், அப்பிழை கருவியின் பிழையாகாது. நம் பிழையே ஆகும்.

இரண்டாவதாகக் கருதத்தக்கது நடுவுநிலை. பொறிக்கு விருப்பு வெறுப்பு இன்மையால் அது நடுவுநிலை பிறழாது என்று பலர் எண்ணுகின்றனர். அற்றன்று. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், முகத்தைக் கண்டு ஆண் பெண் என வகுக்குங் கருவிகள் மூன்றனை ஆராய்ந்து 2018-ம் ஆண்டில் வெளியிட்ட முடிபு இதனைத் தெளிவாக்கும். வெண்ணிற ஆடவரை வகுக்குங்கால் நூற்றுக்கு 0.8-க்கு மேற்படாத பிழை, கருநிறப் பெண்டிரை வகுக்குங்கால் நூற்றுக்கு 34.7 வரை உயர்ந்தது. அத்தகைய கருவிகளைச் சோதித்தற்கு வழங்கிவந்த படத்தொகுதிகளில் வெண்ணிறத்தார் முகங்களே மிக்கிருந்தன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினர். எனவே, யாரைக் கண்டு பயின்றதோ அவரையே பொறி நன்கறியும் என்பது போதரும். ஆங்கிலத்தை நோக்கத் தமிழில் இணையத்திலுள்ள உரைகள் மிகச் சில. ஆதலின், இக்கருவிகள் தமிழைப்பற்றியும் தமிழரைப்பற்றியும் கூறுவனவற்றை நாம் இருமடங்கு விழிப்புடன் நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்றாவது, பொறியை மனிதரெனக் கொள்ளும் மயக்கம். 1966-ம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் எலைசா என்னும் உரையாடற் கருவியொன்றை வெளியிட்டார். எதிரில் இருப்பவர் கூற்றையே வினாவாக மாற்றித் திருப்பிக் கூறுதலன்றி அதற்கு வேறு திறம் பெரிதுமில்லை. அங்ஙனமாகவும், அஃது உருவாகி வந்தமையை அருகிருந்து கண்ட அவர்தம் செயலாளரே, அதனொடு உரையாடுங்கால் அவரை அறையைவிட்டு வெளியேகுமாறு வேண்டினார். எளிய அக்கருவிக்கே இத்துணைக் கவர்ச்சி உண்டாயின், இனிய மொழியில் இடையறாது விடையிறுக்கும் இக்காலக் கருவிகளிடம் இளைஞர் தம் மறைவுகளையும் நண்பர்தம் மறைவுகளையும் எளிதில் உரைத்துவிடுதல் வியப்பன்று. கேட்போர் ஒருவரும் இலர் என்று நாம் கருதினும், உரைத்தவை ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியிற் சென்று சேரும் என்பதை மறத்தலாகாது.

இனி, இவற்றை இளைஞர்க்குக் கற்பிக்குமாறு யாங்ஙனம்? 'பொய்யை நம்பாதே, களவு செய்யாதே, மறைவை வெளியிடாதே' என்று கூறிவிடுதல் எளிது. கூறக் கேட்ட அளவில் அஃது உள்ளத்திற் பதியாது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஊடக ஆய்வகத்தைச் சார்ந்த பிளேக்லி பெய்ன் என்பார், நடுநிலைப்பள்ளிச் சிறுவர்க்கென வகுத்து 2019-ம் ஆண்டில் வெளியிட்ட பாடத்திட்டம் வேறொரு நெறியைக் காட்டுகின்றது.

அதன் பாடங்களுள் ஒன்று சமையலைப் பற்றியது. ரொட்டித் துண்டுகளின் இடையே நிலக்கடலைப் பசையும் பழப்பாகும் தடவி உண்ணுதல் அமெரிக்கச் சிறுவர்க்குப் பழக்கமான சிற்றுண்டி. 'மிகச் சிறந்த சிற்றுண்டி' செய்தற்குரிய முறையைப் படிப்படியாக எழுதுமாறு ஆசிரியர் பணிப்பர். எழுதிய பின்னரே, 'சிறந்தது' என்பதன் பொருள் யாது என்னும் வினா எழும். சுவையாற் சிறந்ததோ, விரைவிற் செய்வதோ, உடல்நலத்திற்கு உகந்ததோ? உண்ணுஞ் சிறுவனுக்குச் சிறந்ததும், ஊட்டும் தாய்க்குச் சிறந்ததும் ஒன்றாமோ? இங்ஙனம் வினவுங்கால், வெறுஞ் செய்முறையெனத் தோன்றிய ஒன்றனுள் செய்தார் கருத்தும் பயனும் ஒளிந்திருத்தலைச் சிறுவர் தாமே காண்பர். கணிப்பொறிக்கு வகுக்கும் செய்முறைகளும் இத்தகையனவே. யாவர் யாவர்க்கு இதனால் நன்மை, யாவர்க்குத் தீமை என்று கட்டமிட்டு எழுதவும் அவர் பயில்வர். பின்னர், யூடியூப் என்னும் காணொலித் தளத்தை அங்ஙனமே ஆராய்ந்து, அதனைப் பிறிதொரு வகையாக அமைத்துக் காட்டுவர்.

மற்றொரு பாடத்தில் பூனைப் படங்களையும் நாய்ப் படங்களையும் கொண்டு பொறிக்கு வேறுபாடு கற்பிப்பர். பூனைப் படங்கள் மிகுதியாகவும் பல வகையாகவும், நாய்ப் படங்கள் குறைவாகவும் ஒரு தன்மையாகவும் இருக்குமாறு அத்தொகுதி முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். பயின்ற பொறி நாயைப் பூனையெனப் பிழைபடக் கூறக் கண்ட சிறுவர், அதன் காரணத்தைத் தேடித் தொகுதியைத் தாமே திருத்துவர். மேலே கூறிய முகங்களைப் பற்றிய ஆராய்ச்சியின் உண்மை இங்ஙனம் ஒரு பாடவேளையிற் கைவரப்பெறுகின்றது. பொறியின் பிழை விதியன்று, அது மக்கள் செய்த தெரிவின் பயன். ஆகலின் மக்களால் திருத்தற்பாலது என்னும் உணர்ச்சியே இக்கல்வியின் உயிர்நிலையென்பது நம் துணிபு.

பல நாடுகளும் இத்துறையில் முயன்று வருகின்றன. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் நிறுவனமும் 2018-ம் ஆண்டில் இதன் அடிப்படைகளை யாவரும் கட்டணமின்றிக் கற்குமாறு இணையவழிப் பாடமொன்றை அமைத்தன. எஸ்தோனியா நாடு 20,000 உயர்நிலை மாணாக்கரையும் 3,000 ஆசிரியரையும் முதற்கண் உளப்படுத்தக் கருதி, 2025-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. யுனெஸ்கோ 2024-ம் ஆண்டில் வெளியிட்ட மாணாக்கர் தகுதி வரையறை பன்னிரண்டு தகுதிகளைக் கூறுகின்றது. கருவித்திறனுக்கு முன்னர் மனிதரை முதன்மையாகக் கொள்ளும் மனப்பான்மையையும் அறத்தையும் அது வைத்துள்ளமை நோக்கத்தக்கது. நம் நாட்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20-ம் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பிற்கு இதனை விருப்பப் பாடமாக்கிற்று.

இவையெல்லாம் எதற்கு? பொறியால் எழுதியோரைக் கண்டுபிடித்துத் தண்டித்தல் எளிதன்றோ எனின், அன்று. கண்டுபிடித்தற்கென ஓப்பன்ஏஐ நிறுவனமே செய்த கருவி போதிய திட்பமின்மையால் 2023-ம் ஆண்டு ஜூலையிற் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் தேர்விற்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியிற் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பொறி எழுதியனவென்று அவை பிழைபடக் கூறின. எளிய சொற்களால் எழுதியதே அவர் செய்த குற்றம்! ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று எழுதும் நம் மாணாக்கரை இக்கருவிகளின் தீர்ப்பிற்கு ஒப்புவித்தல் எத்துணைக் கொடிதென்பது கூறாமலே விளங்கும். காவலால் ஆகாததைக் கல்வியாலேயே ஆக்குதல் வேண்டும்.

கல்லூரி மாணாக்கராகிய நாம் கைக்கொள்ளத்தக்கவை சில உள. கட்டுரை வரைதலின் நோக்கம் தாளை நிரப்புதலன்று. கருத்தைத் தேடியும் நிரல்படுத்தியும் தக்க சொல்லால் உரைத்தும் உள்ளம் பயிற்சி பெறுதலே. ஆதலின், முதல் முயற்சி நம்முடையதாதல் வேண்டும். எழுதியதன் குறையை வினவவும், விளங்காத ஒன்றனை விளக்கச் செய்யவும் பின்னர்க் கருவியை நாடலாம். நாடியதை ஆசிரியரிடம் மறையாது கூறுதல் இரண்டாவது கடமை. அது கூறியதை மூலநூலொடு ஒப்புநோக்குதல் மூன்றாவது. சீவக சிந்தாமணியை 1887-ம் ஆண்டிற் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டுப் பாடந் தெளிந்தார். மதிக்கத்தக்க ஏட்டையே அங்ஙனம் ஆராய்ந்த மரபினராகிய நாம், பொறியின் கூற்றை ஆராயாது கொள்ளுதல் தகுமோ? பிறருடைய மறைவுகளையும் படங்களையும் அவர் இசைவின்றி அதனுட் புகுத்தாமை நான்காவது.

மாணவ அன்பர்காள்! நாளை நம்முட் சிலர் ஆசிரியராகவும், சிலர் மருத்துவராகவும், சிலர் அரசாங்க அலுவலராகவும் அமர்வோம். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையோ, ஒரு நோயாளியின் மருந்தையோ, ஓர் ஏழையின் உதவித்தொகையையோ பற்றிப் பொறி ஒரு முடிபு கூற, அதன்கீழ்க் கையொப்பமிடுங் கை நம்முடையதாக இருக்கும். 'பொறி கூறிற்று' என்னும் விடை அப்பொழுது நம் எதிரில் நிற்பவர்க்கு நியாயமாகாது. யார் வகுத்த முறை, எவற்றைக் கண்டு பயின்றது, யாரை விடுத்தது என்று வினவும் பழக்கம் அந்நாளிற் புதிதாகத் தோன்றிவிடாது. சிறு கட்டுரைகளை எழுதும் இந்நாளிலேயே அதனைப் பயில்வோமாக.