பூந்தொட்டியில் காடை, வேலியோரம் பாம்பு

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி டூசான் என்று ஒரு நகரம். சுற்றிலும் சொனோரா பாலைவனம். சராசரி ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஜூன் மாதத்தில் வெயில் 40 டிகிரியை வெகு சாதாரணமாகத் தாண்டும். அந்த ஊரில் வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்குத் தானியம் வைக்கிறவர்கள் நிறையப் பேர். வசந்தம் பிறந்தால் அவர்களிடம் ஒரு புலம்பலைக் கேட்கலாம்: “நான் ஆசையாக வளர்க்கிற பறவைகளைப் பாம்பு வந்து தின்றுவிடுகிறது.”

அந்தக் கொல்லையைப் பாம்பின் உயரத்திலிருந்து பாருங்கள். வெளியே கல்லும் முள்ளும். உள்ளே கிண்ணத்தில் தண்ணீர், சொட்டுநீர் பாயும் செடி, நிழல், தரையெல்லாம் சிந்திய தானியம். பகலில் காடையும் புறாவும் பொறுக்கியது போக மிஞ்சியதை இரவில் எலி பொறுக்கும். பாம்பு பெரும்பாலும் அந்த எலியைத் தேடித்தான் வருகிறது. வந்த இடத்தில் கூடும் இருந்தால் விடுமா? பந்தியை விரித்தவர் வீட்டுக்காரர்தான். இதைச் சொன்னால் அவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

எந்தப் பாம்பு என்பதில்தான் சுவாரசியம். முதல் ஆள் கோஃபர் பாம்பு. விஷம் கிடையாது, ஆளைவிட நீளமாகக்கூட வளரும். மரமும் ஏறும், வளைக்குள்ளும் நுழையும். தலையில் கொண்டை ஆடும் கேம்பல் காடைதான் இதற்கு வாகாக மாட்டுவது. அந்தக் காடை தரையில் கூடு வைக்கிற ஜாதி. வீட்டு வாசலில் பெரிய பூந்தொட்டி இருந்தால் அதிலேயே உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிடும். மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். குஞ்சு பொரிந்துவிட்டால் ஒரு நாளுக்குள் தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். முட்டைகளுக்கு ஆபத்தெல்லாம் அதற்கு முந்திய அந்த வாரங்களில்தான்.

பாம்பு தொட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறதே, அதில் ஒட்டும் வாசனைத் துகள்களை மேலண்ணத்தில் இருக்கும் ஒரு தனி உறுப்பு பிரித்தறிகிறது. கூட்டை எட்டியதும் வாயை அகலத் திறந்து முட்டையை ஓட்டோடு முழுசாக விழுங்கும். முட்டை தொண்டையைத் தாண்டிப் போவதைக் கழுத்தின் புடைப்பில் பார்க்கலாம். பிறகு தசை இறுக்கத்தில் உள்ளே ஓடு நொறுங்கும். ஒன்று முடிந்தால் அடுத்தது.

பாவம், இந்தக் கோஃபர் பாம்புக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது நெருங்கினால் தலையைத் தட்டையாக்கி, பலமாகச் சீறி, வால் நுனியைச் சருகில் அடித்துப் படபடக்கும். பார்க்கிறவர் ராட்டில் பாம்பு, அதாவது வாலில் கிலுகிலுப்பை உள்ள குழிவிரியன், என்று நினைத்து மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்.

கோச்விப் வேறு ரகம். நம் சாரைப்பாம்பைப் போல மெலிந்த, பகலில் திரியும் ஓட்டக்காரன். கண்பார்வை கூர்மை. மற்றப் பாம்புகள் நிழலில் ஒதுங்கும் வெயிலிலும் இரை தேடும். சோய்யா என்றொரு கள்ளி இருக்கிறது, உரசினாலே முள் கொத்தாகக் கழன்று சதையில் ஏறும். அதற்குள் கட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அரிசோனாவின் மாநிலப் பறவையான கள்ளி ரென், பக்கவாட்டில் வாசல் வைத்து உருண்டைக் கூடு கட்டுகிறது. அங்கும் இந்தக் கோச்விப் ஏறிவிடுகிறது. அப்போது பார்க்க வேண்டுமே, அக்கம்பக்கத்துப் பறவையெல்லாம் கூடிக் கத்துகிற கத்தலை! பாம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

ராட்டில் பாம்பு கூடு தேடி அவ்வளவாக அலையாது. தானியத் தட்டுக்குக் கீழே, செடி மறைவில் சுருண்டு காத்திருக்கும். எலியைக் கொத்தினால் உடனே விட்டுவிடும். விஷம் ஏறி எலி எங்கே போய் விழுந்தாலும் வாசனை பிடித்துப் போய்விடலாம். பறவையைக் கொத்தினால் பெரும்பாலும் வாயை விடாது. பறந்துவிட்டால் ஆகாயத்தில் ஏது தடம்?

சரி, இதனால் காடை இனம் அழிகிறதா? இல்லை. கேம்பல் காடையின் தலையெழுத்தை எழுதுவது மழை. குளிர்காலத்தில் நல்ல மழை பெய்து பூண்டு தளிர்த்தால் குஞ்சுகள் பெருகும். பொய்த்துவிட்டால் பல ஜோடிகள் கூடே கட்டாது. முட்டை பறிகொடுத்த காடை மறுபடியும் இட முயலும். பறவைக்கு உண்மையான எமன் வேண்டுமென்றால் சோபாவில் படுத்திருக்கிறது: அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதில் தெருப்பூனைகளின் பங்கே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டுப்பூனை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

செய்யக்கூடியவை உண்டு. பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோகிற அளவே தானியம் வையுங்கள், சிந்தியதைக் கூட்டிவிடுங்கள். தட்டைக் கம்பத்தில் மாட்டி, கம்பத்தில் வழுவழுப்பான தகரக் குழாயைச் செருகினால் பாம்புக்கு ஏறப் பிடி கிடைக்காது. கொல்லையைச் சுற்றி வேலி போடுவதானால் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை, மூன்றடி உயரம், அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். பழச்செடி மேல் போர்த்தும் பிளாஸ்டிக் வலையை மட்டும் தரையில் விடாதீர்கள். அதில் நுழைந்த பாம்பு முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் சிக்கி வெயிலில் சாகும்; அதை அறுத்தெடுக்கப் போகிறவருக்கும் கடி விழலாம்.

பிடித்துக்கொண்டுபோய் வெகு தொலைவில் விட்டுவிடலாமே என்பீர்கள். சில ஊர்களில் தீயணைப்புத் துறையினரே வந்து பிடித்துக்கொடுப்பார்கள். ஆனால் ராட்டில் பாம்புக்குத் தன் வட்டாரம் அத்துப்படி. பழகாத இடத்தில் விட்டால் குளிர்காலப் பொந்து தெரியாமல் அலைந்து அலைந்தே பல செத்துப்போகின்றன, சில வந்த வழியே திரும்பிவிடுகின்றன. அதனால் பக்கத்திலேயே, வேலிக்கு அப்பால் இருக்கும் புதர்க்காட்டில் விட்டால் போதும். கொல்லையில் எலி குறைந்திருந்தால் அது திரும்பி வர வேலையில்லை.