நிலையும் உத்திரமும் சொல்லும் காலம்

நுழையும்முன்

கோயிலின் காலத்தைக் கல்வெட்டு கூறும். கல்வெட்டு இல்லாத பழைய வீட்டின் காலத்தை எவ்வாறு அறிவது? தூண், கதவுநிலை, ஓடு, செங்கல் ஆகியவற்றிடம் வினவி விடைபெறும் முறையைத் திருச்சிராப்பள்ளிப் பகுதியை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

சமயபுரம் என்றவுடன் மாரியம்மன் கோயிலே எவர்க்கும் நினைவில் தோன்றும். அவ்வூரை ஒட்டிய கண்ணனூர் 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னர்களின் தமிழகத் தலைநகராக விளங்கியது என்பதைப் பலர் அறியார். வீர சோமேசுவரன் என்னும் போசள மன்னன் அங்கிருந்து ஆட்சி செய்தான். அவன் எடுப்பித்த சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. போசளீசுவரம் என்னும் அதன் பழம்பெயர் மக்கள் வழக்கில் போஜீசுவரம் எனத் திரிந்துவிட்டது. அப்பெயரை மட்டும் கேட்பவர்க்கு வடநாட்டுப் போசராசனே நினைவுக்கு வருவான். கல்வெட்டைப் படித்தவர்க்குத்தான் உண்மை விளங்கும்.

கோயில் நிற்கிறது, தலைநகர் இல்லை. மன்னனின் அரண்மனையோ, அலுவலர் மனைகளோ, வணிகர் வீதியோ, கைவினைஞர் குடில்களோ இன்று அங்கில்லை. கல்லால் கட்டியது நின்றது. மரமும் செங்கல்லும் மண்ணும் கூரையும் கொண்டு கட்டியவை மறைந்தன. கரையானும் மழையும் தீயும் போரும் அவற்றை விட்டுவைக்கவில்லை.

இங்கிலாந்தின் நிலை வேறு. எசெக்சு பகுதியில் கிரெசிங் டெம்பிள் என்னுமிடத்தில், 13ஆம் நூற்றாண்டில் ஓக் மரச்சட்டங்களால் எழுப்பிய இரண்டு பெருங்களஞ்சியங்கள் இன்றும் உள்ளன. செசில் ஹியூவெட் என்னும் அறிஞர், மரப்பொருத்துகளின் வகைகளைக் கொண்டே இத்தகைய கட்டடங்களைக் கால வரிசைப்படுத்த முனைந்தார். மரங்களின் ஆண்டு வளையங்களைக் கணக்கிடும் முறை பின்னர் அங்கே பரவியது. அவருடைய முடிவுகளுள் சிலவற்றை அது உறுதிசெய்தது, சிலவற்றைத் திருத்தியது.

கல்லில் உறைந்த மரம்

நம் இடைக்கால வீடுகள் அழிந்தாலும் அக்காலத் தச்சுக்கலை முற்றும் அழிந்துவிடவில்லை. கோயில் மண்டபங்களின் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்தால் இது விளங்கும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலின் கொடுங்கைகளில் கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. கல்லுக்கு இவை தேவையற்றவை. மரக்கூரையைப் பார்த்துப் பழகிய கண்ணே கல்லிலும் அவ்வடிவத்தை வேண்டியிருக்கிறது. ஆதலின், காணாமற்போன வீட்டைத் தேடுபவர் முதலில் கோயிலுக்குச் செல்வதே தகும்.

தூணுக்கும் உத்திரத்திற்கும் இடையே அமைந்து பாரத்தைத் தாங்கும் உறுப்பு போதிகை எனப்படும். புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 1914இல் வெளியிட்ட நூலில் தென்னகக் கோயில்களின் காலத்தைக் கணிக்கப் போதிகையைச் சிறந்த சான்றாகக் கொண்டார். பொதுவாகப் பல்லவர் போதிகை அலைபோல் சுருண்டிருக்கும். சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் முனை நீட்டியிருக்கும். விசயநகரர் காலத்தில் அம்முனை பூமொட்டாகிறது; நாயக்கர் காலத்தில் வாழைப்பூப்போல் கீழ்நோக்கித் தொங்குகிறது.

எனினும் வடிவம் ஏமாற்றவும் கூடும். திருவரங்கம் கோயிலின் வேணுகோபாலன் சன்னிதியைச் சிற்ப அழகு கருதிப் போசளர் காலத்தது என அறிஞர் சிலர் கூறினர். கண்ணனூர் அருகிலிருப்பதால் அக்கூற்று பொருத்தமாகவும் தோன்றியது. ஆனால் அங்குள்ள 1674ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அது சொக்கநாத நாயக்கர் காலப் பணி என்கிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டு இடைவெளி! கற்றறிந்தோரையே ஒரு கோயிலின் வடிவம் இவ்வாறு மயக்குமெனின், கல்வெட்டே இல்லாத வீட்டைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. தச்சர்கள் தந்தையிடம் கற்ற வடிவத்தையே மகனுக்கும் கற்பித்தனர். நூறாண்டு கடந்தும் ஒரே வடிவம் தொடரலாம்.

இதற்கு முந்தியதன்று

திருவரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என அமைந்த பழைய வீடுகள் சில இன்றும் உள்ளன. இத்தகைய வீட்டிற்குள் நுழைபவர் "இஃது எந்த ஆண்டில் கட்டப்பட்டது?" என்று கேட்பதைவிட, "எந்த ஆண்டிற்கு முன் இது இருந்திருக்க முடியாது?" என்று கேட்பது பயன்தரும்.

கூரையில் சீமை ஓடு இருப்பின், அக்கூரை 1865க்கு முற்பட்டதன்று. அவ்வாண்டில்தான் பாசல் மிஷன் நிறுவனத்தார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினர். பெரிய பர்மாத் தேக்குத் தூண்கள் காணப்படின், 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு பெருகிய மரவாணிகத்தை எண்ணிப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளிக்கு அருகே டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை 1939இல் எழுந்தது. இப்பகுதியில் சுண்ணாம்புச் சாந்தின் மேல் சிமெண்டுப் பூச்சைக் காணும்போது பெரும்பாலும் அது பிற்காலப் பழுதுபார்ப்பே எனலாம். உத்திரத்தில் வாய்ச்சியால் செதுக்கிய தழும்புகள் உள்ளனவா, வட்டரம்பத்தின் வளைகோடுகள் உள்ளனவா என்பதும் காணத்தக்கது. வளைகோடு இயந்திர ஆலையைக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சீமை ஓடு கூரையின் காலத்தைக் கூறுமேயன்றிச் சுவரின் காலத்தைக் கூறாது. நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டிற்குப் பேரன் காலத்தில் சீமை ஓடு மாற்றியிருக்கலாம். மாறாக, புதுச்சுவரில் பழைய நிலை பொருத்தப்பட்டிருக்கவும் கூடும். நல்ல நிலையையும் தூணையும் எவரும் எறிவதில்லை. தூணில் கழுந்து நுழையாத வெற்றுத் துளைகள் இருந்தால், அத்தூண் வேறொரு வீட்டில் முன்னரே உழைத்தது எனக் கொள்ளலாம். ஒரு வீட்டிற்கு ஒரே வயது என்பது பெரும்பாலும் பொய்.

வளையங்களும் பனங்கைகளும்

மரவளையக் கணிப்பை வளர்த்தவர் அமெரிக்க வானியலறிஞர் டக்ளசு. மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமையும். ஒரே பகுதியில் வளர்ந்த மரங்களில் இவ்வரிசை ஒத்திருக்கும். வாழும் மரத்தில் தொடங்கிப் பழைய உத்திரம்வரை வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சென்றால், மரம் வெட்டிய ஆண்டையே கூறிவிடலாம். 1929இல் அரிசோனாவில் கிடைத்த ஓர் எரிந்த உத்திரம் அவருடைய வரிசையில் இருந்த இடைவெளியை நிரப்பியது.

தமிழகத்தில் இம்முறை எளிதன்று. தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாக உண்டு. ஆனால் எளியோர் வீடுகளின் கூரையைத் தாங்கியது தேக்கன்று, பனங்கையே. பனையில் வளையமே இல்லை! மேலும், இங்கிலாந்தில் ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துக் கட்டினர். வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் அணுகியே இருக்கும். தேக்கோ கடல்கடந்து வந்து, உலர்ந்து, தச்சர் கைக்குச் சென்றது. மரத்தின் வயதும் வீட்டின் வயதும் அங்கே விலகிவிடுகின்றன. கரிமக் கணிப்பும் அண்மைய முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்குத் தெளிவான விடை தருவதில்லை. செங்கல் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை வெப்ப ஒளிர்வு முறையால் மதிப்பிடலாம்.

ஆகவே எந்தச் சான்றும் தனித்து நில்லாது. ஓடு, மரம், செங்கல், பொருத்து, பத்திரம் ஆகியவை இருந்த இடத்திலேயே ஒன்றோடொன்று ஒப்பிடப்படவேண்டும். இன்று வீடுகள் இடிக்கப்படும்போது முதலில் கழற்றப்படுவன நிலைகளும் தூண்களுமே. அவை காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருள் கடைகளை அடைகின்றன. அங்கே நிற்கும் நிலை அழகியது. அது எந்த ஊரில், எந்தச் சுவரில், எந்த உத்திரத்தின் கீழ் நின்றது என்பதைக் கூற எவருமில்லை. கழற்றுமுன் ஒரு நிழற்படமும், அளவுகளும், நிலையின் இடத்தைக் குறித்த ஒரு வரைபடமும் எடுத்துவைக்க அரைநாள் போதும்.