விழுங்குவது நோயாளி, கதிர் படுவது யார் மேல்?

ஸ்பூன் பிடிக்கும் கைக்கு எச்சரிக்கை!

பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் பலருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட எமனாகி விடும். விழுங்கும்போது புரை ஏறும். சிலருக்கு இருமல்கூட வராது. தண்ணீர் சத்தமில்லாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். அப்புறம் நிமோனியாதான்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நோயாளியை உட்கார வைத்து, பேரியம் கலந்த தண்ணீரையும் கஞ்சியையும் ஊட்டுவார்கள். அது தொண்டையில் இறங்குவதை எக்ஸ்ரே சினிமாவாக டி.வி. திரையில் பார்ப்பார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இது நடக்கிறது.

நோயாளிக்கு எப்போதோ ஒரு தடவை. ஊட்டுகிறவருக்கு? வருஷக் கணக்கில்!

பக்கத்தில் நிற்பது யார்?

எக்ஸ்ரே என்றால் எல்லோரும் வெளியே போய்விடுவார்களே என்கிறீர்களா? மார்பு எக்ஸ்ரேவுக்கு அப்படித்தான். இங்கே முடியாது. டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னால் நின்று கொள்ளலாம். ஸ்பீச் தெரபிஸ்ட் ஸ்பூனோடு பக்கத்தில் நிற்க வேண்டும். கை விளங்காத பெரியவர் தானே எடுத்துக் குடிப்பாரா?

கதிர் நேராக ஊட்டுகிறவர் மேல் படுவதில்லை. நோயாளி உடம்பில் மோதிச் சிதறுவதுதான் அவருக்கு வந்து சேருகிறது. ஒரு தடவைக்கு அது கொஞ்சம்தான். சேரச் சேரத்தான் விவகாரம்.

1896-ல், எக்ஸ்ரே கண்டுபிடித்து ஒரு வருஷம் ஆன சமயம், அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன் ஒரு வாத்து இரை விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார். இன்றைய சோதனைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. கவசம் கிவசம் எதுவும் அப்போது கிடையாது. பிற்காலத்தில் அவரை வாட்டிய தோல் நோய்க்கு, இளமையில் பட்ட அந்தக் கதிரே காரணம் என்று சொல்லப்படுகிறது. 1945-ல் அவர் இறந்தார்.

ஒரு எட்டு பின்னால்!

காசில்லாத கவசம் ஒன்று இருக்கிறது. தூரம்! ஒரு அடியில் நிற்பவர் இரண்டு அடிக்கு நகர்ந்தால் கதிர் பாதியாகாது, சுமார் கால்வாசியாகிவிடும். சொன்னதைக் கேட்கிற நோயாளி என்றால், "வாயிலேயே வச்சிருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஒரு எட்டு பின்னால் வரலாம். அப்புறம் பெடலை மிதிக்கச் சொல்லி, "இப்ப விழுங்குங்க" என்றால் போதும். எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கம் சிதறல் அதிகம். எதிர்ப்பக்கம் நிற்பதே நல்லது.

வினாடிக்கு 30 படம் எடுப்பதை 15 ஆக்கினால் கதிர் குறையாதா? குறையும். ஆனால் புரை ஏறுவது கண் இமைக்கும் நேர வேலை. படத்தில் அது தப்பினால், அடுத்த வேளைச் சாப்பாட்டில் நோயாளி மாட்டுவார். கஞ்சத்தனம் படத்தில் வேண்டாம், நேரத்தில் காட்டலாம். அடுத்த கவளம் கலக்கும்போது பெடலில் கால் எதற்கு?

ஈயக் கையுறை மாட்டிக்கொண்டு கையைக் கதிருக்குள்ளேயே நீட்டுகிற தைரியசாலிகளும் உண்டு. படம் மங்குகிறதே என்று மெஷின் தானாகவே கதிரைக் கூட்டிவிடும்! கை வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈய அங்கி, கழுத்தில் தைராய்டு பட்டை இரண்டும் அவசியம். அங்கி முன்பக்கம் மட்டும் இருந்தால் முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. துணி மாதிரி மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், தொங்கவிட வேண்டும். கண்ணுக்கும் ஆபத்து உண்டு. கண் வில்லைக்கு வருஷத்துக்கு 150 மில்லி சீவர்ட் என்றிருந்த வரம்பை 2011-ல் சர்வதேசக் கமிஷன் 20 ஆகக் குறைக்கச் சொன்னது, கண்புரை பயத்தால்தான்.

டிராயரில் பேட்ஜ்

வாங்கிய கதிரைக் கணக்கு வைக்க டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்கள். அங்கிக்குள் மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டு வரம்பு ஐந்து வருஷத்துக்கு 100 மில்லி சீவர்ட்; எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மேஜை டிராயரில் கிடக்கும் பேட்ஜ், டிராயர் வாங்கிய கதிரைத்தான் சொல்லும்!

மெஷினை நிறுத்தியதும் கதிர் போச்சு. அறையில் தங்காது, பேரியம் கஞ்சியிலும் ஒட்டாது. ஆனால் சில பெரியவர்கள் மகள் ஊட்டினால்தான் வாயைத் திறப்பார்கள். அப்படி உள்ளே கூப்பிட்டால், "எனக்கும் ஒரு அங்கி கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேறு ஆளை அனுப்புங்கள்.