உங்களுக்குத் தெரியுமா? தபால்தலை மட்டும் போதாது!

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில், முழுக் கட்டணத்துக்கும் தபால்தலை ஒட்டிய கடிதம்கூடத் திரும்பி வரும். பக்கத்திலேயே 2 ஃபெனிக் மதிப்புள்ள சின்னஞ்சிறு நீல வில்லை ஒன்றும் இருக்க வேண்டும்!

● சோவியத் முற்றுகையில் தவித்த பெர்லினுக்காக விதித்த வரி அது. 1948 டிசம்பரில் தொடங்கியது. 1956 மார்ச் வரை விடவில்லை. கேமரா கம்பெனிகளின் வியாபாரக் கடிதங்களும் தப்பவில்லை.

● வெளிநாட்டுத் தபாலுக்கு விலக்கு. ஆகவே நம்மூர்ப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்து ஜெர்மன் உறை கிடைத்தால், நீல வில்லையைத் தேடாதீர்கள்.

● தபாலைவிட ஜெர்மன் ஃபிலிம் வியாபாரத்தில் குழப்பம் இன்னும் பெரிது. நாடு இரண்டானதும் ‘ஆக்ஃபா’ என்ற ஒரே பெயரில் இரண்டு ஆலைகள்: மேற்கே லெவர்குசன், கிழக்கே வோல்ஃபன். 1964-இல் கிழக்கு ஆலைதான் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப்பெயர், ‘ஆர்வோ’. எழுபதுகளின் தமிழ்ப் பட டைட்டிலில் ‘ஆர்வோ கலர்’ என்று வருமே, அதே சரக்குதான்!