தடிமனா, ஒவ்வாமையா?

நாம் கற்பித்த மாணவன் ஒருவன், காலை முதற் பாடத்தில் இடைவிடாது தும்முவான். தடிமன் தொற்றிவிடுமென்று அயலில் இருந்தோர் விலகி அமர்ந்தனர். வீட்டாரும் அவனைப் பல நாட்கள் பாடசாலைக்கு அனுப்பாது நிறுத்தினர். மாதங்கள் சென்றும் தும்மல் ஓயவில்லை. பின்னர் மருத்துவர் கூறினார்: அது தடிமனே அன்று, ஒவ்வாமை.

தடிமனைத் தருவன வைரசுக் கிருமிகள்; அவை இருநூறுக்கும் மேற்பட்டவை. அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். ஒவ்வாமையோ தொற்றாது. தீங்கற்ற தூசியையும் மகரந்தத்தையும் பகையென்று பிழைபட எண்ணி, உடல் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுவதால் நேர்வது அது.

மருத்துவரும் இதில் மயங்கியதுண்டு. இலண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்ரொக், கோடைதோறும் தம்மை வருத்திய தும்மலையும் கண்ணரிப்பையும் 1819இல் விவரித்து எழுதினார். எனினும் காரணம் மகரந்தமே என்பதைச் சார்ள்ஸ் பிளக்லி தம்மிடத்திலேயே சோதித்து 1873இல் நூலாக வெளியிட்டார்.

நமது கல்முனைக் கரையோரத்திலும் இம்மயக்கத்துக்குக் குறைவில்லை. மாரியில் தடிமன் பரவும். மழை ஓய்ந்து பெரும்போக அறுவடை தொடங்கினால் வட்டைகளில் வைக்கோல் தூசி எழும். மூக்கு இரண்டிலும் ஒருபோலவே ஒழுகும். ஆகவே தாய்மார் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று.

எத்தனை நாள்? தடிமன் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தணியும். ஒவ்வாமை தூசி உள்ளவரை நீடிக்கும். அரிப்பு உண்டா? கண்ணும் மூக்கும் அரித்து, நீர்போன்ற சளி ஒழுகுமாயின் ஒவ்வாமையை ஐயுறலாம். தொண்டைநோவும் உடல்நோவும் தடிமனுக்கே பெரிதும் உரியன. ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. எங்கே, எப்போது? குறித்த இடத்திலோ வேளையிலோ மீண்டும் மீண்டும் வருவது ஒவ்வாமையின் இயல்பு.

இவ்விரண்டையும் அன்ரிபயோற்றிக் மருந்து குணமாக்காது. வீணே கொடுத்தல் தீது. கடுங்காய்ச்சல் கண்டால் தடிமனென்று வாளாவிருத்தலும் ஆகாது. அது டெங்காகவும் இருக்கலாம். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு இறுகினாலோ தாமதியாது மருத்துவமனையை நாடவேண்டும். மூக்கொவ்வாமை உடையோர் சிலருக்குத் தொய்வும் உடனிருப்பதுண்டு.

நம் மாணவனின் பகை, தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணி. உறைகளை வாரந்தோறும் சுடுநீரில் தோய்த்து, தலையணையை வெயிலில் உலர்த்தி, மருத்துவர் தந்த மருந்தையும் ஒழுங்காகக் கொடுத்தனர். தும்மல் வெகுவாகக் குறைந்தது. தோழரும் அவனருகே வந்தமர்ந்தனர்.